பூச்சிப் பல்லுக்கு மெஷின் போடாமல் வழி உண்டா? (சுங்கை சிப்புட், மலேசியா)

தாமான்அம்மா · 14 மார்ச் 2024, இரவு 9.40

மகள் இந்த வாரம்தான் முதலாம் ஆண்டில் கால் வைத்தாள். போன வருடம் பாலர் பள்ளிக்கு வந்த பல் குழு ஒரு கடிதம் கொடுத்தனுப்பியது. அதை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியதோடு சரி. போன வாரம் வெளியூரில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். மேல் கோரைப்பல் இரண்டிலும் ஈறு ஓரமாக வெள்ளைக் கோடு, கடைவாயில் இரண்டு பல்லில் பழுப்பு. நாலையும் குடைந்து அடைத்துவிடலாம் என்றார்கள். மெஷின் சத்தம் கேட்டதும் இவள் நாற்காலியை விட்டு இறங்கி ஓடிவிட்டாள். வலி ஒன்றும் இல்லை. குடையாமல் நிறுத்த முடியுமா? மாமியார் நல்லெண்ணெய் கொப்பளித்தால் பூச்சி செத்துவிடும் என்கிறார்.

லயத்துஅக்கா · 14 மார்ச், இரவு 10.55

முடியும். ஆனால் நாலு பல்லுக்கும் ஒரே பதில் கிடையாது.

வெள்ளைக் கோடு மட்டும் என்றால், மேல்தோல் உடையாமல் இருந்தால், குடைய வேண்டிய அவசியமே இல்லை. பழுப்பு என்றால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அது தானாக மூடாது, யார் என்ன எண்ணெய் விற்றாலும்.

நான் டாக்டர் இல்லை. பல் கிளினிக்கில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். விளக்கைப் பிடித்துக்கொண்டும் எச்சிலை உறிஞ்சிக்கொண்டும் மற்றவர்கள் வாயைப் பார்த்தே வயதாகிவிட்டது. அதனால் சொல்வதைக் கேளுங்கள், அப்புறம் ஒரு தகுதியான ஆளிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு கேள்வி. கடைவாயில் பழுப்பு இருப்பது எந்தப் பல்? ராத்திரி படுக்கும் முன் என்ன குடிக்கிறாள்?

தாமான்அம்மா · 15 மார்ச், காலை 6.20

எந்தப் பல் என்று தெரியவில்லை அக்கா. ஆகக் கடைசியில் இருக்கும் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று. பால் பல்தானே, விழுந்துவிடுமே என்று நினைத்தேன். ராத்திரி மைலோ, அந்த இனிப்பு மால்ட் பானம். அது இல்லாமல் தூங்க மாட்டாள்.

லயத்துஅக்கா · 15 மார்ச், மதியம் 2.10

மைலோவுக்கு அப்புறம் வருகிறேன்.

ஆகக் கடைசிப் பல் பால் பல்லாக இருக்காது. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். எண்பது வயது வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டிய பல் அது. ஒன்றும் விழாமல் வந்ததால் பெற்றோர் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கிளினிக்கில் நான் பார்த்ததில் பிடுங்கப்பட்ட நிரந்தரப் பல் என்றால் பெரும்பாலும் இதுதான். புதிதாக முளைத்த பல்லின் எனாமல், அதாவது மேல் ஓடு, இன்னும் முற்றியிருக்காது. மேலே பள்ளமும் கோடுமாக இருக்கும். மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து குறுக்காக விட்டுத் தேய்த்தால்தான் எட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பல்லில் பூச்சி என்று ஒன்றும் இல்லை. பல்லின் மேல் படியும் அழுக்கில் கிருமிகள் இருக்கின்றன. சீனியோ மாவோ கிடைத்தால் அவை அமிலம் உண்டாக்கும். அமிலத்தைக் காட்டும் பிஎச் எண் (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியே போகும். சாப்பிட்ட சில நிமிடங்களில் இது நடக்கும். அப்புறம் எச்சில் மெல்ல மெல்ல நிலைமையைச் சரிக்கட்டும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். எச்சிலில் இருக்கும் கால்சியம் திரும்பப் பல்லுக்குள் போகும். கரைவதும் கட்டுவதும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. கரைவது மிஞ்சினால் வெள்ளைக் கோடு வரும்.

அதனால் எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய கேள்வி. பசியாறும்போது ஒரு டம்ளர் இனிப்புத் தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தவனுக்கு ஒரு தடவைதான் அமிலம். அதே டம்ளரை மேசையில் வைத்துப் பத்து மணி வரைக்கும் உறிஞ்சிக்கொண்டே இருப்பவனுக்குக் காலை முழுக்க அமிலம்.

பற்பசையில் இருக்கும் ஃபுளோரைடு என்ன செய்கிறது? திரும்பக் கட்டும்போது அது கூடச் சேர்ந்தால் புதிதாக அமையும் படிகம் பழையதைவிட உறுதியாக இருக்கும். பிஎச் 4.5 வரை தாங்கும். கட்டுகிற வேகமும் கூடும்.

எங்கள் அப்பா தோட்டத்தில் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். அவர் கணக்கில் சொன்னால், உளி பட்டையோடு நின்றால் பட்டை திரும்ப வளரும். உள்ளே கட்டையில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் போகும். வெள்ளைக் கோடு பட்டைக் காயம். ஓட்டை கட்டைக் காயம்.

லயத்துஅக்கா · 15 மார்ச், மதியம் 2.35

மைலோ. நிறுத்தச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டோடு குடிக்கட்டும். அப்புறம் பல் விளக்கி, அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடும், கழுவ ஆள் இல்லை. பகலில் குடிக்கும் மைலோவைவிட படுக்கும்போது குடிக்கும் மைலோ அதிகக் கெடுதல் செய்யும்.

இரண்டு மூன்று நாள் அழுவாள். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

செம்பனைக்காரன் · 15 மார்ச், இரவு 8.05

அக்கா, மாமியாரின் நல்லெண்ணெய்க்கு நீங்கள் இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை. என் வீட்டிலும் இதே வழக்கு நடக்கிறது.

லயத்துஅக்கா · 15 மார்ச், இரவு 9.30

என் பாட்டி கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடிப்பார். பூச்சி விழும் என்று நம்பினார். கடைசியில் பல்தான் விழுந்தது.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் பல்லின் அழுக்கு கொஞ்சம் குறையலாம். பெரியவர்கள் செய்தால் தடுக்க மாட்டேன். ஆனால் அதில் ஃபுளோரைடு இல்லை, கரைந்துபோன கால்சியத்தை அது கொண்டுவந்து வைக்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம், புரையேறி எண்ணெய் மூச்சுக்குழாயில் போனால் அது வேறு கதை. கரித்தூளும் உப்பும் போட்டு விளக்குவதையும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே மெலிந்திருக்கும் இடத்தை அது இன்னும் தேய்க்கும்.

கிராம்பு வலியை மரக்க வைக்கும். வலி நின்றதும் நோய் நின்றுவிட்டது என்று ஆறு மாதம் சும்மா இருப்பார்கள். அதனால்தான் எனக்குக் கிராம்பின் மேல் கோபம், வேறு பகை இல்லை.

லயத்துஅக்கா · 17 மார்ச்

மூன்று பேர் தனியாக எழுதி, வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

பிள்ளையை உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்க வையுங்கள். உதட்டைத் தூக்குங்கள். முதலில் பிரஷ்ஷால் அழுக்கை எடுங்கள், மேலே படிந்த மாவையே வெள்ளைப் புள்ளி என்று பயந்தவர்கள் உண்டு. பிறகு சுத்தமான துணியால் பல்லை ஒற்றி ஈரம் இல்லாமல் செய்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியாத வெள்ளை, காய்ந்ததும் தெரிந்தால் அது ஆரம்பத்திலும் ஆரம்பம். ஈரத்திலேயே தெரிந்தால் கொஞ்சம் ஆழம் போயிருக்கிறது. ஈறு ஓரத்தில், பிறை மாதிரி வளைந்து, பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் இப்போதும் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எல்லா வெள்ளையும் சொத்தை இல்லை. சின்ன வயதில் ஃபுளோரைடு அதிகமாக வயிற்றுக்குள் போனாலும் வெள்ளைத் திட்டு வரும். அது இடது வலது இரண்டு பக்கமும் ஒரே பல்லில் ஒரே மாதிரி இருக்கும், ஈறை ஒட்டி நிற்காது, விளிம்பு மங்கலாகப் பரவியிருக்கும், பல்லும் வழவழப்பாக இருக்கும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. கறுத்த பல்லைக் கண்டு பதற வேண்டாம். கறுத்து, கெட்டியாகி, பளபளப்பாக இருந்தால் அது நின்றுபோன சொத்தை. என் வாயிலேயே ஒன்று இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அப்படியே நிற்கிறது. மஞ்சளாகவோ வெளிர்பழுப்பாகவோ இருந்து தொட்டால் மெத்தென்று இருப்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும் சொத்தை.

தொட்டால் என்றேன், உடனே ஊக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வெள்ளைப் புள்ளியின் மேல்தோல் மெல்லியது, உள்ளேதான் சத்து போயிருக்கிறது. கூர்மையான எதையாவது வைத்துக் குத்தினால் தோல் உடைந்து, திரும்பக் கட்டியிருக்கக்கூடிய இடம் ஓட்டையாகிவிடும். அந்தக் காலத்துப் பல் டாக்டர்களே கொக்கிக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். இப்போது அந்தப் பழக்கம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மூன்றாம்பெரட்டு · 20 மார்ச்

ஃபுளோரைடு விஷம் என்று ஒரு காணொளி வந்தது. அதனால் நாங்கள் ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பசைக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. குடிக்கவும் எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் இருக்கும் தண்ணீர் மெஷினில்தான் பிடிக்கிறோம். அக்கா சொல்வதைப் பார்த்தால் நாங்கள் செய்வது எல்லாமே தப்பா?

லயத்துஅக்கா · 20 மார்ச், இரவு

அளவு தெரியாமல் தின்றால் உப்பும் விஷம்.

மலேசியாவில் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது ஜொகூரில் 1957-இல் தொடங்கியது. 1972-இல் நாட்டுக் கொள்கையானது. முதலில் பத்து லட்சத்தில் 0.7 பங்கு என்று இருந்ததை 2005-இல் 0.5 ஆகக் குறைத்தார்கள், பற்பசையிலும் ஃபுளோரைடு கிடைக்கிறதே என்று. அளவைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

உங்கள் முனையில் இருக்கும் மெஷின் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் வகை என்றால் ஃபுளோரைடில் பெரும்பகுதி போய்விடும். வெறும் கரி வடிகட்டி என்றால் அவ்வளவாகப் போகாது. அந்தத் தண்ணீரையே குடியுங்கள், பரவாயில்லை. ஆனால் தண்ணீரிலும் இல்லை, பசையிலும் இல்லை என்று இரண்டு கதவையும் சாத்தினால் பல்லுக்கு எங்கிருந்து கிடைக்கும்? ஒன்றையாவது திறந்து வையுங்கள். நான் பசையைத்தான் சொல்வேன். ஃபுளோரைடின் முக்கியமான வேலை விழுங்கி உள்ளே போவதில் இல்லை, பல்லின் மேல் பட்டு நிற்பதில் இருக்கிறது.

டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி வளைத்துப் போடுவார்களே, அது பசை விற்பதற்கு.

விளக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். பல்லின் மேல் வைத்த மருந்தை உடனே கழுவிவிட்டால் எப்படி வேலை செய்யும்?

செம்பனைக்காரன் · 21 மார்ச்

கொப்பளிக்காமல் வெளியே வருவதா? எங்கள் அம்மா வீட்டுக்குள் விட மாட்டார்.

லயத்துஅக்கா · 21 மார்ச்

ராத்திரி மட்டுமாவது. அம்மா தூங்கின பிறகு.

தாமான்அம்மா · 3 ஏப்ரல்

அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்த மிஸ்ஸி (பல் தாதி) பொறுமையாகப் பார்த்தார். மகள் கையில் கண்ணாடியைக் கொடுத்து அவளையே பார்க்கச் சொன்னார். கோரைப்பல் இரண்டிலும் ஏதோ பசை மாதிரி தடவினார், குடையவில்லை. கடைசிப் பல் நீங்கள் சொன்னபடி நிரந்தரப் பல்தான். ஓட்டை இல்லை என்று பள்ளத்தை வெள்ளையாக ஒன்று ஊற்றி மூடினார். அதற்கு முன்னால் இருக்கும் பால் பல்லில்தான் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறதாம். கறுப்பாகும் மருந்து தடவலாம், அல்லது குடையாமல் இரும்புத் தொப்பி போடலாம், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். தொப்பியா?

லயத்துஅக்கா · 4 ஏப்ரல்

நல்ல கையில் மாட்டியிருக்கிறீர்கள். பல் மிஸ்ஸி என்றால் டாக்டருக்கு ஒரு படி கீழே என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். பிள்ளைகள் பல்லுக்கென்றே படித்தவர்கள் அவர்கள். நியூசிலாந்து முறையைப் பார்த்து 1949-இல் பினாங்கில் அந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். நான் படித்த தோட்டப் பள்ளிக்கு அவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து இறங்கினால் பாதி வகுப்பு கித்தாக் காட்டுக்குள் (ரப்பர் மரங்களுக்குள்) ஓடிவிடும். நானும் ஓடியவள்தான். பின்னால் அதே மிஸ்ஸிகளுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கோரைப்பல்லில் தடவியது ஃபுளோரைடு வார்னிஷ். பசையில் 1000, 1450 என்றால் இதில் 22,600 பிபிஎம். கேட்டால் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் தடவுவது சில துளிதான். பல்லில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக விடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும். ஒரு தடவை போட்டதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

நிரந்தரப் பல்லின் பள்ளத்தை மூடியதற்குக் காரணம், பிரஷ் முடி அந்தக் கோட்டுக்குள் நுழையாது. மூடிவிட்டால் கிருமிக்குச் சாப்பாடு இல்லை. மூடி உடைந்தால் பிரச்சினை, அதனால் அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கறுப்பு மருந்து என்பது வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த தண்ணீர், சில்வர் டயமின் ஃபுளோரைடு. ஜப்பானில் 1970 வாக்கிலேயே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2014-இல்தான் அனுமதித்தார்கள். 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் அவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். பால் பல்லில் பத்துச் சொத்தையில் எட்டு வரை நிற்கும். ஊசி இல்லை, மெஷின் இல்லை. பல்லைக் காயவைத்து, உதட்டில் வாசலின் தடவி, சின்னப் பிரஷ்ஷால் ஒற்றி ஒரு நிமிடம் வைத்திருப்பார்கள். பிள்ளை கைவிரலை மடக்கி எண்ணி முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். வாயில் காசு நக்கின மாதிரி ஒரு ருசி இருக்கும்.

ஆனால் சொத்தை இருக்கும் இடம் கரேலென்று ஆகிவிடும், அது போகாது. நல்ல எனாமல் கறுக்காது. உதட்டில் பட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். துணியில் பட்டால் போகவே போகாது. என் சீருடை இடுப்பில் இன்னும் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது, அதைக் கட்டிக்கொண்டுதான் தோட்ட வேலை செய்கிறேன். வெள்ளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போடக்கூடாது.

தொப்பி என்பது ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் டாக்டர் தன் கிளினிக்கில் செய்துவந்த முறை. 2006-இல் அவருடைய நோயாளிப் பதிவுகளை வைத்துக் கட்டுரை வந்த பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொத்தையைச் சுரண்டுவதே இல்லை. எஃகுத் தொப்பிக்குள் சிமெண்டை நிரப்பிப் பல்லின் மேல் அழுத்தி, பிள்ளையைக் கடிக்கச் சொல்வார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்குச் சீனி கிடைக்காது, சொத்தை அப்படியே நின்றுவிடும். இடம் பத்தாவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு முன்னால் பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் போட்டு அனுப்புவார்கள். தொப்பி போட்டதும் வாய் சரியாக மூடாது, கடி உயரமாக இருக்கும். சில வாரத்தில் தானே படியும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மறுநாள் காலையில் அப்பா கிளினிக் வாசலில் நிற்பார்.

ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். முதல் நாள் ஓட்டை தானாக மூடாது என்று எழுதினேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் ஓட்டை என்றால் குடைந்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பால் பல்லில் அப்படி இல்லை. மூடாமலேயே நிறுத்தலாம். விழும் நாள் வரைக்கும் வலியில்லாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

நானாக இருந்தால்? பின்பக்கக் கடைவாய், இன்னும் நாலு வருடமாவது இருக்க வேண்டிய பல், ஓட்டை சிறியது, வலி இல்லை. தொப்பிதான். மருந்து தடவினாலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், தினமும் சோறு சிக்கும். பிள்ளை ரொம்பப் பயந்தால் முதலில் மருந்து, நாற்காலி பழகிய பிறகு தொப்பி.

லயத்துஅக்கா · 14 ஏப்ரல்

புத்தாண்டுப் பாயசத்தைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். மூன்று மணிக்கு ஒரு கரண்டி, நாலு மணிக்கு ஒரு கரண்டி என்று பானையைச் சுற்றிச் சுற்றி வராதீர்கள். எங்கள் வீட்டில் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

லயத்துஅக்கா · 9 மே

தனிமடலில் ஒரு தாய், டாக்டர் தன்னைத் திட்டியதாக எழுதியிருந்தார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மேல் முன்பல் நாலும் போய்விட்டது, கீழ்ப்பல் நன்றாக இருக்கிறது, இது என்ன அதிசயம் என்று கேட்கிறார்.

அதிசயம் இல்லை, பால் போத்தல். படுத்துக்கொண்டு உறிஞ்சும்போது நாக்கு முன்னால் வந்து கீழ்ப்பல்லை மூடிக்கொள்ளும். நாக்குக்கு அடியிலேயே எச்சில் சுரப்பியும் இருக்கிறது. மேல்பல்லுக்கு இரண்டும் இல்லை. பால் அங்கேதான் தேங்கும்.

எங்கள் தோட்டத்தில் அம்மாக்கள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டும். குழந்தையைத் தூக்கத்திலேயே ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆயா ஒருத்தி, குழந்தைகள் வரிசையாகத் தொட்டிலில். டின் பாலை வெந்நீரில் கரைத்துப் போத்தலில் ஊற்றி வாயில் வைத்தால்தான் அவளால் சமாளிக்க முடியும். டின் பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு சீனியே. பல் வலித்தால் தோட்டத்து மருந்தாள் டிரெசர் ஒரு மாத்திரை கொடுப்பார். பட்டணத்துக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் போனால் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டு வருவார்கள். எங்கள் அம்மாவுக்கு நாற்பது வயதில் பல் செட்டு. அவருக்கு அறிவில்லாமல் இல்லை. நேரமும் பஸ் காசும் இல்லை.

திட்டிய டாக்டருக்கு இதெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் தாய்க்கு என் பதில்: போத்தலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள், கடைசியில் வெறும் தண்ணீர்ப் போத்தல் ஆகட்டும். பல்லில் ஈறு ஓரம் இன்னும் கெட்டியாக இருந்தால் கறுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

செம்பனைக்காரன் · 10 மே

சீனிக்கு வரி போட்டார்களே, அதனால் குறையவில்லையா?

லயத்துஅக்கா · 10 மே

2019 ஜூலையில் போட்டது, நூறு மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அப்போது லிட்டருக்கு 40 காசு. டின்னிலும் போத்தலிலும் வரும் பானத்துக்கு அது. ஒட்டுக்கடையில் இழுத்து ஊற்றும் தேத்தாரிக்குக்கு யார் வந்து வரி போடுவது? கொசோங் (பாலும் சீனியும் இல்லாமல்) கேட்டாலும் அண்ணன் நம் முகத்தைப் பார்த்துவிட்டு அரைக் கரண்டி டின் பால் விடுகிறார்.

பேராக்மகன் · 21 ஜூன்

பிள்ளைகள் கதையே ஓடுகிறது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரத்தக்கொதிப்பு மாத்திரை, இன்னும் இரண்டு மூன்று மாத்திரை. ஈறு இறங்கி, பல்லின் அடிப்பாகம் எல்லாம் பழுப்பு. நாற்காலியில் நீண்ட நேரம் படுக்க முடியாது. வாய் எப்போதும் காய்ந்தே இருக்கிறது, மிட்டாய் சப்பிக்கொண்டே இருக்கிறார்.

லயத்துஅக்கா · 22 ஜூன்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பல மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். வாய் காய்வதால் மிட்டாய், மிட்டாயால் சொத்தை. ஈறு இறங்கினால் வெளியே தெரிவது எனாமல் இல்லாத வேர். அது எனாமலைவிடச் சீக்கிரம் கரையும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் வாய் காய்வதைச் சொல்லுங்கள், சில நேரம் மாற்ற முடியும். மிட்டாய்க்குப் பதில் சீனி இல்லாத சூயிங்கம், பல் செட்டு ஒட்டுகிறது என்றால் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். பல் டாக்டரிடம் 5000 பிபிஎம் பசை பற்றிக் கேளுங்கள், வேர்ச் சொத்தைக்கென்றே உள்ளது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கறுப்பு மருந்து இந்த வயதுக்கு மிகவும் பொருத்தம். எழுபது வயதில் பல் கறுப்பாக இருக்கிறதே என்று யாரும் பெண் தர மறுக்கப்போவதில்லை.

எல்லாக் கிளினிக்கிலும் அந்த மருந்து வைத்திருக்க மாட்டார்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன் போன் போட்டுக் கேளுங்கள்.

தாமான்அம்மா · 18 அக்டோபர்

மறந்தே போயிருந்தேன், இன்றுதான் திரும்ப எழுத நேரம் கிடைத்தது. முதலில் மருந்து தடவினோம், பள்ளி விடுமுறையில் தொப்பி போட்டோம். எல்லாரிடமும் வாயைத் திறந்து "ரோபோ பல்" என்று காட்டுகிறாள். கோரைப்பல் வெள்ளை அப்படியேதான் இருக்கிறது. வேலை செய்யவில்லையோ? இன்னொரு தடவை வார்னிஷ் போடச் சொன்ன தேதி போய்விட்டது. தீபாவளிக்குப் பிறகு போகலாமா?

லயத்துஅக்கா · 18 அக்டோபர், இரவு

வெள்ளை முழுக்க மறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்பு சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருந்தது இப்போது பளபளக்கிறதா, பிரஷ் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். பளபளத்தால் நின்றுவிட்டது. தழும்பு இருக்கத்தான் செய்யும். நிரந்தர முன்பல்லில் அந்தத் தழும்பு அசிங்கமாக இருந்தால் பிசின் ஊறவைத்து மறைக்கும் முறை ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது, அதற்கும் மெஷின் வேண்டாம், ஆனால் விலை அதிகம். பால் பல்லுக்கு அந்தச் செலவு வீண்.

தீபாவளிக்கு முன்பே போங்கள். குடையாத வைத்தியம் தோற்பதை நான் பார்த்தது பெரும்பாலும் மருந்தால் இல்லை, திரும்ப வராததால்தான். அடைத்த பல்லையாவது அடைத்தாகிவிட்டது என்று கொஞ்ச நாள் மறக்கலாம். அடைக்காமல் விட்ட பல்லுக்கு ஒரு கண் எப்போதும் வேண்டும். இதைச் சொல்லாமல் "மெஷின் வேண்டாம்" என்று மட்டும் சொல்பவரை நம்ப மாட்டேன். குடைய வேண்டும் என்று சொன்ன அந்தத் தனியார் டாக்டரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. திரும்ப வர மாட்டாள் என்று நினைக்கும் தாயிடம் அவர் வேறு என்ன சொல்வார்? வெள்ளைக் கோட்டையும் சேர்த்துக் குடைய நினைத்தது மட்டும் அதிகப்படி.

முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் உப்புப் பண்டம், பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். மாவு பள்ளத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம்பெரட்டு · 5 நவம்பர்

எங்கள் பெரியவனுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, எக்ஸ்ரேயில் இரண்டு பல்லுக்கு நடுவில் நிழல் என்கிறார்கள். பார்க்காததற்கு வைத்தியமா? அப்புறம், எந்த நிலையில் காத்திருக்கக் கூடாது?

லயத்துஅக்கா · 5 நவம்பர்

பல் இடுக்கில் வரும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் கடித்தபடி எடுக்கும் அந்தச் சின்ன எக்ஸ்ரே. நிழல் எனாமலுக்குள்ளேயே நிற்கிறதா, உள் அடுக்குக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். எனாமலோடு நின்றால் வார்னிஷும் பல் இடுக்கு நூலும் போதும், நிரந்தரப் பல்லில் அது நகர ஆண்டுக்கணக்கில் ஆகும். அடுத்த எக்ஸ்ரேயில் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டு முடிவு செய்யலாம். பால் பல் என்றால் எனாமல் மெல்லிசு, அவ்வளவு நாள் தராது.

காத்திருக்கக் கூடாதது: ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஈறில் பரு மாதிரி சீழ்க் கொப்புளம், கன்னம் வீங்குவது. வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண்ணுக்கு அடியிலோ கழுத்திலோ இறங்கினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ பல் கிளினிக் திறக்கும்வரை நிற்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. அந்த நிலையில் வார்னிஷ், தொப்பி பேச்செல்லாம் இல்லை.

பல் இடுக்கு நூல் மருந்துக்கடையில் கிடைக்கும், பிடி வைத்தது பிள்ளைகளுக்குச் சுலபம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து ரிங்கிட்டுக்கு விற்கும் பேட்டரி பிரஷ் வாங்கலாமா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். வாங்கலாம், ஆனால் அதற்குத் தனியாக மாற்றுத் தலை விற்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். நான் வாங்கியதற்கு இல்லை.